பல திட்டங்களுக்கு ஒரே ஸ்டைல்ஷீட் விதிகள்

ஜாவாஸ்கிரிப்டில் ஓர் எழுத்து தவறினால் கன்சோலில் சிவப்பாக ஒரு வரி வந்து நிற்கும். சில சமயம் பக்கமே வேலை செய்யாமல் போகும். சிஎஸ்எஸ்ஸில் அப்படி எதுவும் நடக்காது. ஒரு பண்பின் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் பிரவுசர் அந்த அறிவிப்பை மட்டும் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். வரிக் கடைசியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால் அந்த வரியோடு அடுத்த வரியும் சேர்ந்தே செல்லாமல் போகும். காற்புள்ளி இட்டு நான்கு செலக்டர்களை அடுக்கி, அவற்றில் ஒன்று பிரவுசருக்குப் புரியாததாக இருந்தால் நான்குக்குமே அந்த ஸ்டைல் கிடைக்காது. கன்சோலில் வழக்கமாக எச்சரிக்கை எதுவும் வராது. பொத்தான் ஏன் சாம்பல் நிறமாகவே இருக்கிறது என்று யாராவது கேட்கும்போதுதான் தேடல் தொடங்கும்.

இப்படி நடப்பது பிரவுசரின் அலட்சியத்தால் அல்ல, மொழியை அமைத்தவர்கள் தெரிந்தே எடுத்த முடிவால். 1994இல் செர்ன் ஆய்வகத்தில் இருந்தபோது ஹாகோன் வியும் லீ முன்மொழிந்து, 1996 டிசம்பரில் டபிள்யூ3சி பரிந்துரையாக வெளிவந்த மொழி இது. நாளை சேரப்போகும் பண்புகளை இன்றைய பிரவுசர் பார்த்தாலும் பக்கம் குலையக்கூடாது என்பதற்காக, புரியாததை விட்டுவிட்டுத் தொடர வேண்டும் என்ற நெறியை முதல் பதிப்பிலேயே வைத்தார்கள். பழைய பிரவுசரிலும் புதிய பக்கங்கள் ஓரளவு ஒழுங்காகத் தெரிவதற்கு அதுதான் காரணம். வாசிப்பவருக்கு அது பெரிய வரம். எழுதுபவரோ தன் பிழையைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தத் தேடலைச் செய்வதற்கான கருவிதான் லின்டர். நிரலை ஓட்டாமல், எழுதியதைப் படித்தே தவறுகளையும் சந்தேகத்துக்குரிய இடங்களையும் சுட்டிக்காட்டுவது அதன் வேலை. 1978இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய லின்ட் என்ற நிரல் இந்த வகைக் கருவிகளுக்கெல்லாம் முன்னோடி. ஸ்டைல்ஷீட்டுகளுக்கு 2011இல் நிக்கோல் சல்லிவனும் நிக்கோலஸ் ஜக்காஸும் சிஎஸ்எஸ் லின்ட்டைக் கொண்டுவந்தார்கள். இன்று பெரும்பாலோர் பயன்படுத்துவது ஸ்டைல்லின்ட். அது போஸ்ட்சிஎஸ்எஸ் என்ற பாகுபடுத்தியின் மேல் கட்டப்பட்டது. ஸ்டைல்ஷீட்டை வெறும் எழுத்துக் குவியலாகப் பார்க்காமல் செலக்டர், பண்பு, மதிப்பு என்று பிரித்து மர வடிவில் வைத்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட விதிகளால் அதைச் சோதிக்கிறது.

எந்தெந்த விதிகள் செயல்பட வேண்டும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறோம். திட்டம் ஒன்றே ஒன்று என்றால் அதோடு வேலை முடிந்தது.

ஒரு நிறுவனத்தில் இணையதளம், வாடிக்கையாளர் பகுதி, நிர்வாகப் பலகை, மின்னஞ்சல் வார்ப்புருக்கள் என்று பல திட்டங்கள் இருக்கும்போது என்ன ஆகிறது? முதல் திட்டத்தின் அமைப்புக் கோப்பை நகலெடுத்து இரண்டாவதில் ஒட்டுவார்கள். மூன்றாவதிலும் ஒட்டுவார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விலகியிருக்கும். ஒன்றில் அவசரத்துக்கு ஒரு விதியை அணைத்திருப்பார்கள். இன்னொன்றில் புதிய விதியைச் சேர்த்திருப்பார்கள். மூன்றாவது இன்னும் பழைய ஸ்டைல்லின்ட் பதிப்பிலேயே இருக்கும். ஒரு டீமிலிருந்து இன்னொரு டீமுக்குப் போகும் டெவலப்பர், நேற்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே வரி இன்று ஏன் மறுக்கப்படுகிறது என்று குழம்புவார். எந்தக் கோப்பு மூலம், எது நகல் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை வந்தபின் விதியைத் திருத்துவதும் இயலாது. ஓரிடத்தில் திருத்தினால் மற்ற இடங்களுக்கு அது போய்ச் சேராது.

இதற்கு ஸ்டைல்லின்ட் தரும் வழி எளிது. விதிக் கோப்பை ஒரு என்பிஎம் பேக்கேஜாக வெளியிடுங்கள். ஒவ்வொரு திட்டமும் அதை நிறுவிக்கொண்டு, தன் அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற சாவியின்கீழ் அந்தப் பேக்கேஜின் பெயரை எழுதினால் போதும். நாற்பது வரி இருந்த கோப்பு மூன்று வரியாகச் சுருங்கிவிடும். வெளியுலகுக்குக் காட்ட விருப்பமில்லை என்றால் தனியார் பதிவகத்திலோ கிட் முகவரியிலிருந்தோ நிறுவிக்கொள்ளலாம். எல்லாத் திட்டங்களும் ஒரே ரெப்போவுக்குள் இருந்தால் பேக்கேஜே தேவையில்லை. வேர் அடைவில் ஒரு கோப்பு வைத்தாலே வேலை நடக்கும்.

பேக்கேஜின் உள்ளே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டைல்லின்ட்டை அதன் சார்புப் பட்டியலில் சேர்க்காமல், பியர் டிபெண்டன்சியாக அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே திட்டத்தில் இரண்டு ஸ்டைல்லின்ட் பதிப்புகள் நிறுவப்பட்டு, எது ஓடுகிறது என்று தெரியாமல் போகும். விதிகளுக்குத் தேவையான செருகு நிரல்களை மட்டும் பேக்கேஜே தன்னோடு கொண்டுவரட்டும். அப்போது திட்டங்கள் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்காது.

விதிகள் எப்படி ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்டெண்ட்ஸ் பட்டியலில் பல பேக்கேஜ்களை அடுக்கலாம். ஒரே விதியைப் பற்றி இரண்டு பேக்கேஜ்கள் வேறுவேறாகச் சொன்னால், பின்னால் வருவதுதான் செல்லும். திட்டத்தின் சொந்தக் கோப்பில் எழுதியது எல்லாவற்றையும் மீறும். ஒரு விதி வேண்டாம் என்றால் அதன் மதிப்பாக 'நல்' என்று எழுதினால் அது அணைந்துவிடும். பலரும் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பொதுப் பேக்கேஜ் ஒரு விதிக்கு மூன்று விலக்குகள் கொடுத்திருக்க, நீங்கள் நான்காவதைச் சேர்க்க நினைத்து உங்கள் கோப்பில் அந்த ஒன்றை மட்டும் எழுதினால், பழைய மூன்றும் போய்விடும். ஒரு விதியின் அமைப்பு முழுவதுமாக மாற்றப்படுமே தவிர, பழையதோடு சேர்க்கப்படாது. கடைசியில் என்னதான் செயல்படுகிறது என்ற சந்தேகம் வந்தால், ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்து 'பிரிண்ட்-கான்ஃபிக்' என்ற கட்டளை விருப்பத்தோடு ஓட்டினால், எல்லாம் கலந்த இறுதி விதிப்பட்டியல் திரையில் வந்துவிடும்.

இதுவரை சொன்னது ஒரு மதிய வேளையில் செய்து முடிக்கக்கூடிய வேலை. பொதுப் பேக்கேஜுக்குள் எதை வைப்பது என்ற கேள்விதான் கடினமானது. பல நிறுவனங்கள் தடுமாறுவதும் இங்கேதான்.

விதிகளில் இரண்டு இனம் உண்டு. ஒன்று பிழையைப் பிடிப்பது. இல்லாத பண்பு, இல்லாத அலகு, செல்லாத ஹெக்ஸ் நிறம், உள்ளே எதுவும் இல்லாத வெற்றுத் தொகுதி, பொதுக் குடும்பப் பெயர் இல்லாமல் முடியும் எழுத்துருப் பட்டியல் போன்றவை இதில் அடங்கும். இவற்றில் டீமுக்கு டீம் கருத்து வேறுபாடு இருக்க நியாயமே இல்லை. மற்றது வழக்கத்தைக் காப்பது. கிளாஸ் பெயரை எப்படி எழுதுவது, நிறத்தை எந்தக் குறிமுறையில் தருவது, ஐடி செலக்டரை அனுமதிப்பதா, எத்தனை அடுக்கு உள்ளமைக்கலாம் என்பவை இந்த இனம். ஸ்டைல்லின்ட் குழுவே இந்தப் பிரிவினையைச் செய்து இரண்டு பேக்கேஜ்களை வெளியிடுகிறது. 'ரெக்கமண்டட்' என்பது பிழைகளை மட்டும் பார்க்கும். 'ஸ்டாண்டர்ட்' என்பது அதை நீட்டித்து வழக்கங்களையும் சேர்த்துக்கொள்ளும்.

அந்த வேறுபாட்டை உங்கள் பேக்கேஜிலும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் இனம் எல்லாத் திட்டங்களுக்கும் பொது. இரண்டாவதை எந்தத் திட்டத்துக்கு வேண்டுமோ அது எடுத்துக்கொள்ளட்டும். இரண்டையும் ஒரே கோப்பில் கலந்தால், கிளாஸ் பெயர்ச் சண்டையில் எரிச்சலடைந்த டீம் மொத்தப் பேக்கேஜையும் தூக்கி எறியும். அதோடு உண்மையான பிழைகளைப் பிடிக்கும் விதிகளும் போய்விடும். சிஎஸ்எஸ் லின்ட் இந்தச் சிக்கலை முன்பே சந்தித்திருக்கிறது. ஐடி செலக்டர் கூடாது, ஃப்ளோட் அதிகம் கூடாது என்ற அதன் விதிகளைப் பார்த்த பலர், இதெல்லாம் பிழையா, யாரோ ஒருவருடைய விருப்பமா என்று வாதாடினார்கள்.

கிளாஸ் பெயர் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்டாண்டர்ட் பேக்கேஜ் சிறிய எழுத்துகளும் ஒற்றை இடைக்கோடும் கொண்ட பெயர்களையே ஏற்கும். பெம் என்ற பெயரிடும் முறையில் இரட்டை அடிக்கோடு வைத்து எழுதும் டீம் அதை அப்படியே நிறுவினால், முதல் ஓட்டத்திலேயே நூற்றுக்கணக்கான பிழைகள் கொட்டும். அவற்றில் ஒன்றுகூட உண்மையான பிழையாக இருக்காது. அந்த விதியை உங்கள் பெயரிடும் முறைக்கேற்ற வடிவத்தால் மாற்ற வேண்டும், இல்லையேல் அணைக்க வேண்டும். மாற்றினால் கூடவே செய்தியையும் எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் சொந்தச் செய்தி வைக்க ஸ்டைல்லின்ட் இடம் தருகிறது. வேர்ட்பிரஸ் தன் பொதுப் பேக்கேஜில் இதைச் செய்திருக்கிறது. செலக்டரில் சிறிய எழுத்துகள் வேண்டும், சொற்களை இடைக்கோட்டால் பிரிக்க வேண்டும் என்று நேராகச் சொல்கிறது. புரியாத வடிவக் குறியீட்டைப் பார்த்து விழிப்பதைவிட இது எவ்வளவோ மேல். புதிதாகச் சேர்ந்த ஒருவர் யாரையும் கேட்காமல் திருத்திக்கொள்ள முடியும்.

பிழை விதிகளிலும் நுணுக்கம் உண்டு. ஒரே தொகுதியில் ஒரே பண்பு இரண்டு முறை வரக்கூடாது என்பது நல்ல விதி. ஆனால் உயரத்துக்கு முதலில் பழைய அலகில் ஒரு மதிப்பும், அடுத்த வரியில் மொபைல் திரைக்கேற்ற புதிய அலகில் ஒரு மதிப்பும் கொடுப்பது சரியான உத்தி. புதியது புரியாத பிரவுசர் அதைத் தள்ளிவிட்டுப் பழையதை வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சொன்ன அதே தள்ளிவிடும் குணம் இங்கே நமக்கு உதவுகிறது. அடுத்தடுத்து வந்து, தொடரமைப்பில் வேறுபடும் மறுவரவுகளை அனுமதிக்கும் விலக்கு அந்த விதியில் இருக்கிறது. பொதுப் பேக்கேஜ் எழுதுபவர் இதைத் தெரிந்து சேர்க்க வேண்டும். பத்துத் திட்டங்களில் பத்து பேர் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றை ஒருவர் ஒருமுறை தீர்த்து வைப்பதில்தான் பகிர்வின் உண்மையான பயன் இருக்கிறது.

உள்தள்ளல், இடைவெளி, மேற்கோள் குறி பற்றிய விதிகளைச் சேர்க்கவே வேண்டாம். 2023 பிப்ரவரியில் வந்த ஸ்டைல்லின்ட் 15ஆம் பதிப்பு இவ்வகை விதிகள் 76ஐ வழக்கொழிந்தவையாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த 16ஆம் பதிப்பு அவற்றை நீக்கியே விட்டது. அந்த வேலையைப் பிரிட்டியர் போன்ற வடிவமைப்புக் கருவி எடுத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் தானே திருத்திவிடும். பழைய பொதுப் பேக்கேஜை வைத்திருப்பவர்கள் 16க்கு மாறும்போது அறியாத விதி என்ற செய்திகளைப் பார்ப்பது இதனால்தான்.

சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் ஸாஸ் மொழியில் எழுதுபவர்களுக்கு இன்னொரு மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும். 2021 அக்டோபரில் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து எஸ்சிஎஸ்எஸ் என்ற ஸாஸ் வடிவம், லெஸ் போன்றவற்றைத் தானாகப் புரிந்துகொள்ளும் வசதி ஸ்டைல்லின்ட்டில் இல்லை. அதற்கான தொடரியலைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆகவே பொதுப் பேக்கேஜில் சாதாரண சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரு வாசலும் எஸ்சிஎஸ்எஸ்ஸுக்கு ஒரு வாசலும், அதாவது எக்ஸ்டெண்ட்ஸில் தனித்தனியாகக் குறிப்பிடக்கூடிய கோப்புகளை, வைப்பது வழக்கமாகிவிட்டது. வேர்ட்பிரஸ் பேக்கேஜிலும் அப்படித்தான் இருக்கிறது.

இனி பதிப்பு எண். பொது விதிகளின் மேல் டீம்கள் நம்பிக்கை வைப்பதும் இழப்பதும் இதில்தான்.

சாதாரண நூலகத்தில் புதிய வசதியைச் சேர்த்தால் நடு எண் கூடும். யாருடைய வேலையும் கெடாது. விதிப் பேக்கேஜில் கதை வேறு. புதிதாக ஒரு விதியைச் சேர்த்தால், நேற்றுவரை பச்சையாக ஓடிய கட்டுமானம் இன்று சிவப்பாகும். நிரலில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. வெள்ளிக்கிழமை மாலை அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட நிற்கும் டீமுக்கு அது நேர்ந்தால், அடுத்து அவர்கள் செய்வது லின்ட் படியையே அணைப்பதுதான். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எனவே விதியைச் சேர்ப்பதும் கடுமையாக்குவதும் பெரிய மாற்றம். முதல் எண் கூட வேண்டும். தளர்த்துவதும் நீக்குவதும் சிறிய மாற்றம். ஸ்டாண்டர்ட் பேக்கேஜிலும் புதிய விதிகள் சேரும்போது முதல் எண் கூடுகிறது. ஸ்டைல்லின்ட் 16ஆம் பதிப்பில் இருந்த காலத்தில் ஸ்டாண்டர்ட் 36ஐ எட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் எண் வேகமாக ஏறுவதைப் பார்த்து வெட்கப்பட வேண்டியதில்லை.

ஸ்டைல்லின்ட்டும் ஒளிவுமறைவில்லாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. அதன் நடு எண் கூடும் வெளியீடுகளில், பிழைத்திருத்தம் காரணமாக முன்பைவிட அதிகக் குறைகள் தெரியவரலாம். அதனால் சார்புப் பட்டியலில் தொப்பிக் குறி வேண்டாம், கடைசி எண்ணை மட்டும் ஏறவிடும் அலைக் குறியைப் பயன்படுத்துங்கள் என்பது அந்தக் குழுவின் ஆலோசனை. லாக் கோப்பையும் ரெப்போவில் சேர்த்துவிட்டால் எதிர்பாராத சிவப்பு வராது.

இவையெல்லாம் பெரிய அளவில் எப்படி நடக்கின்றன என்று பார்க்க விக்கிமீடியாவைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் விக்கிப்பீடியா உட்பட அதன் விக்கித் தளங்கள் ஓடும் மீடியாவிக்கி மென்பொருளுக்கு நூற்றுக்கணக்கான நீட்சிகளும் தோல்களும் உண்டு. ஒவ்வொன்றும் தனி ரெப்போ. ஊழியர் பராமரிப்பவை சில, தன்னார்வலர் பராமரிப்பவை பல. எல்லோருக்கும் பொதுவாக விக்கிமீடியாவின் பெயரில் ஒரு ஸ்டைல்லின்ட் பேக்கேஜ் இருக்கிறது. அதில் கருத்தில் கொள்ள வேண்டியது வாசல்கள் பிரிக்கப்பட்ட விதம். நவீன பிரவுசர்களுக்கு மட்டும் போகும் ஸ்டைல்களுக்கு ஒன்று, அடிப்படை ஆதரவு தரப்படும் பழைய பிரவுசர்களுக்கும் போகும் ஸ்டைல்களுக்கு ஒன்று, மீடியாவிக்கிக்கே உரிய விதிகளுக்கு ஒன்று. ஒரு நீட்சி தனக்கு வேண்டியவற்றை அடுக்கிக்கொள்கிறது. எந்தச் சிஎஸ்எஸ் பண்பை நம்பலாம் என்ற கேள்விக்குத் திட்டத்துக்குத் திட்டம் விடை மாறும் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்த மாறுபாட்டையே பொது விதியாக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு ரெப்போவும் பேக்கேஜின் ஒரே ஒரு பதிப்பைத் துல்லியமாகக் குறிப்பிட்டிருக்கும். புதிய பதிப்பு வந்தால் லைப்ரரி அப்கிரேடர் என்ற தானியங்கி ஒவ்வொரு ரெப்போவாகப் போய் எண்ணை ஏற்றி, தானாகத் திருத்தக்கூடியதைத் திருத்தி, மாற்றத்தைப் பரிசீலனைக்கு அனுப்புகிறது. ஏதாவது விதி தேறாவிட்டால் அதை அந்தத் திட்டத்தில் மட்டும் அணைத்துவிட்டு, இன்னின்ன விதிகள் அணைக்கப்பட்டன என்று கமிட் செய்தியில் எழுதி வைக்கும் வழக்கம் அதற்கு உண்டு. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மேம்படுத்தல் தடைபடுவதில்லை, கடனும் மறைக்கப்படுவதில்லை. பின்னாளில் ஒரு தன்னார்வலர் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தீர்க்கலாம்.

உங்களிடம் தானியங்கி இல்லாவிட்டாலும் அதே முறையைக் கையால் செய்யலாம். பழைய திட்டத்தில் பொது விதிகளை முதல்முறை கொண்டுவரும்போது நூற்றுக்கணக்கில் குறைகள் வரும். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டாம். முதலில் 'ஃபிக்ஸ்' விருப்பத்தோடு ஓட்டி, இயந்திரம் திருத்தக்கூடியதை ஒரே கமிட்டில் முடித்துவிடுங்கள். அந்தக் கமிட்டில் வேறு எந்த மாற்றமும் சேரக்கூடாது. மீதியுள்ளவற்றில் பிழை இனத்தைச் சேர்ந்தவற்றைக் கையால் திருத்துங்கள். பெரும்பாலும் அவை குறைவாகவே இருக்கும். திருத்தும்போதே நீண்டநாள் புகார் ஒன்றிரண்டு தீர்வதையும் காண்பீர்கள். வழக்க விதிகளின் கடுமையை எச்சரிக்கை நிலைக்கு இறக்கி, எச்சரிக்கைகளின் உச்ச எண்ணிக்கையை இன்றைய அளவில் நிறுத்தி வையுங்கள். புதிதாக எழுதுவது அந்த எண்ணைத் தாண்டாது. பழையது குறையக் குறைய எண்ணையும் இறக்கலாம்.

பழைய திட்டத்தில் தனியாகக் கவனிக்க வேண்டிய விதி ஒன்று, வலுவான செலக்டருக்குப் பின்னால் அதைவிடப் பலவீனமானது வரக்கூடாது என்பது. ரெக்கமண்டட் பேக்கேஜிலேயே அது உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு உறுப்புகளின் செலக்டர்களை ஒப்பிட்டும் அது குறை சொல்லும். ஏனெனில் எச்டிஎம்எல் எப்படி இருக்கும் என்பது லின்டருக்குத் தெரியாது. பழைய திட்டத்தில் அதை அணைத்துத் தொடங்குவதில் தவறில்லை. வரிசையை மாற்றித் திருத்தப்போனால் பக்கத்தின் தோற்றமே மாறிவிடக்கூடும்.

குறிப்பிட்ட வரியில் மட்டும் விதியை மீற வேண்டிய தருணங்களும் வரும். வெளியிலிருந்து பதிக்கப்படும் ஒரு சாட் பெட்டியின் ஸ்டைலை மாற்ற 'இம்பார்ட்டன்ட்' தவிர வேறு வழி இல்லாமல் போகலாம். அதற்காக விதியைத் திட்டம் முழுக்க அணைக்க வேண்டாம். அந்த வரிக்கு மேலே, அடுத்த வரிக்கு மட்டும் இந்த விதி வேண்டாம் என்று ஒரு குறிப்புரை எழுதலாம். அதே குறிப்பில் இரட்டை இடைக்கோடு இட்டுக் காரணத்தையும் சேர்க்கலாம். காரணம் எழுதாத விலக்குகளைக் குறையாகக் காட்டும் அமைப்பு ஒன்று ஸ்டைல்லின்ட்டில் உண்டு. தேவையற்றுப் போன விலக்குகளைச் சுட்டும் அமைப்பும் உண்டு. இரண்டையும் பொதுப் பேக்கேஜிலேயே இயக்கி வைக்கலாம். மூன்றாண்டு கழித்து அந்தச் சாட் பெட்டி நீக்கப்பட்டு, ஒருவர் அந்த இம்பார்ட்டன்ட்டையும் எடுத்துவிட்டால், மேலே வேலையில்லாமல் நிற்கும் குறிப்புரையை ஸ்டைல்லின்ட்டே அவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

கடைசியாக, பேக்கேஜுக்கு உரியவர் யார் என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் பொது என்று விட்டுவிட்டால், புதிய ஸ்டைல்லின்ட் பதிப்பு வரும்போது யாரும் கையை வைக்கமாட்டார்கள். இரண்டு டீம்களிலிருந்து ஒவ்வொருவர் பொறுப்பேற்றால் போதும். விதியைச் சேர்க்கவோ நீக்கவோ விரும்புபவர் அந்த ரெப்போவில் புல் ரிக்வெஸ்ட் திறந்து, அந்த விதி பிடித்திருக்கக்கூடிய உண்மையான பிழை ஒன்றை எடுத்துக்காட்ட வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். மாற்றத்தை வெளியிடுமுன் முக்கியத் திட்டங்கள் இரண்டு மூன்றின் மேல் ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை புதிய குறைகள் வருகின்றன என்பதை அந்தப் புல் ரிக்வெஸ்டிலேயே எழுதிவிட்டால், சரி சொல்வதா வேண்டாமா என்று அந்த டீம்கள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கலாம்.